காரணம் கூறிய ஆளுநர்

ஆராயாது அளித்த தீர்ப்புக்குத் தன் உயிரையே ஈடாகக் கொடுத்த பாண்டிய மன்னனின் கதையைத் தமிழர் சிலப்பதிகாரத்திற் படித்திருக்கின்றனர். அங்கே பிழை செய்தவனும் அரசனே. அதை உணர்ந்து வீழ்ந்தவனும் அரசனே. தாம் செய்யாத ஒரு பிழையை, தமக்கு முன்னர் ஆண்டோர் காலத்தில் நீதிமன்றம் செய்த பிழையை, ஆட்சிப்பீடத்தில் அமர்ந்துகொண்டே பிழையென்று எழுதிக் கையொப்பமிட்டு, அதற்காகத் தமது அரசியல் வாழ்வைப் பணயம் வைத்தவர்கள் வரலாற்றில் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1893ஆம் ஆண்டு முதல் 1897ஆம் ஆண்டு வரை ஆளுநராக விளங்கிய ஜோன் பீட்டர் ஆல்ட்கெல்ட்.

ஆளுநர் என்ற சொல்லைக் கேட்டதும், பிரித்தானிய முடியின் பெயரால் இலங்கைக்கு அனுப்பப்பட்ட தேசாதிபதிகளின் நினைவு நேயர்களுக்கு எழக்கூடும். அமெரிக்க மாநிலமொன்றின் ஆளுநர் அத்தகையவரல்லர். அவர் அம்மாநில மக்களின் வாக்கினால் தெரிவு செய்யப்படுபவர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனக்கெனச் சட்டசபையும் நீதிமன்றங்களும் உண்டு. மாநிலச் சட்டத்தை மீறியோரை அம்மாநில நீதிமன்றங்களே தண்டிக்கும். அவ்வாறு தண்டனை பெற்ற ஒருவரை மன்னித்து விடுதலை செய்யும் உரிமை, ஆல்ட்கெல்ட் காலத்து இலினோயில், ஆளுநரின் கையிலேயே இருந்தது. நீதிமன்றங்கள் யாவும் கைவிட்ட பின்னரும் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவனுக்கு எஞ்சியிருந்த ஒரே புகலிடம் அது.

ஆல்ட்கெல்ட் அமெரிக்க மண்ணிற் பிறந்தவரல்லர். ஜேர்மனியின் நாசோச் சிற்றரசைச் சேர்ந்த நீடர்செல்டர்ஸ் என்னும் ஊரில் 1847ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 30ஆந் திகதி அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் அவரை எடுத்துக்கொண்டு கடல் கடந்து சென்று, ஒஹாயோ மாநிலத்தின் மான்ஸ்பீல்ட் நகருக்கு அண்மையிற் குடியேறினர். வறிய உழவர் குடும்பம் அது. தோட்ட வேலைக்குக் கைகள் வேண்டியிருந்தபடியால், மூத்த மகன் பள்ளிக்கூடம் சென்ற நாட்கள் குறைவு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டில், பதினாறு வயது இளைஞனாக வடபகுதிப் படையிற் சேர்ந்தார். போர்முனையிற் பெற்ற காயம் என்று அவருக்கு எதுவும் இல்லை; ஆனால் வேர்ஜீனியாவிற் பற்றிக்கொண்ட காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவரது உடலை விட்டு முற்றாக நீங்கவில்லை.

போரின் பின்னர் முயன்று கற்றுச் சிலகாலம் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்பு மேற்குத் திசை நோக்கிப் பெரும்பாலும் கால்நடையாகவே புறப்பட்டார். ஆர்கன்சாவில் இருப்புப்பாதை அமைக்கும் கூலியாட்களோடு கூலியாளாக உழைத்தார். அங்கும் நோய் அவரை வீழ்த்தியது. ஒருவாறு தேறி மிசூரி மாநிலத்துச் சவான்னா என்னும் சிற்றூரையடைந்து, அங்கே சட்டம் படித்துச் சட்டத்தரணியானார்; 1874ஆம் ஆண்டில் அம்மாவட்டத்தின் அரச வழக்குத் தொடுநராகத் தெரிவு செய்யப்பட்டார். மறுவருடமே அப்பதவியைத் துறந்து, எவரையும் அறியாத சிக்காகோ நகருக்குச் சென்றார்.

அக்காலச் சிக்காகோ, பெருந் தீயொன்றினால் 1871ஆம் ஆண்டில் அழிந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்த நகரம். இறைச்சிச் சாலைகளும் இரும்பாலைகளும் பெருகப் பெருக, ஐரோப்பிய நாடுகளிலிருந்து தொழிலாளர் திரள் திரளாக வந்து குவிந்தனர். 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அந்நகரின் சனத்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறிய அந்நகரிலே, ஆல்ட்கெல்ட் நிலம் வாங்கி விற்றும் கட்டடங்கள் எழுப்பியும் பெருஞ் செல்வந்தரானார். அவர் எழுப்பிய பதினாறு மாடிகளைக்கொண்ட 'யூனிற்றி' மாளிகை, தாம் பெற்ற பிள்ளையைப் போல அவர் நேசித்த கட்டடமாகும்.

செல்வம் சேர்ந்த பின்னரும் கூலியாளாக இருந்த நாட்களை அவர் மறந்தாரல்லர். 1884ஆம் ஆண்டில், தண்டனை முறையையும் அதற்குப் பலியாவோரையும் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். சிறைகள் குற்றவாளிகளைத் திருத்துவதற்குப் பதிலாக உருவாக்குகின்றன என்பதும், வறுமையும் கவனிப்பாரற்ற இளமையுமே பலரைச் சிறைக்கு இட்டுச்செல்கின்றன என்பதும் அந்நூலின் கருத்து. ஒஹாயோவின் ஒரு சிற்றூரிலிருந்து அந்நூலைப் படித்த இளஞ் சட்டத்தரணி ஒருவர், அதனால் ஈர்க்கப்பட்டுச் சிக்காகோவுக்கு வந்த பின்னர் ஆல்ட்கெல்ட்டை நாடிச் சென்று நண்பரானார். பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த வழக்கறிஞராகப் புகழ்பெற்ற கிளாரன்ஸ் டாரோ அவரே. 1886ஆம் ஆண்டில் ஆல்ட்கெல்ட் குக் மாவட்டத்தின் உயர் நீதிமன்ற நீதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டு, 1891ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார்.

அவர் நீதிபதியாகத் தெரிவு செய்யப்பட்ட அதே 1886ஆம் ஆண்டிலேதான், அவரது பெயரை வரலாற்றோடு பிணைத்த நிகழ்ச்சியும் நடந்தது.

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையே வேண்டுமென்று அமெரிக்கத் தொழிலாளர் அவ்வாண்டு மே மாதம் முதலாந் திகதி வேலைநிறுத்தம் தொடங்கினர். சிக்காகோவே அப்போராட்டத்தின் நடுநாயகமாக இருந்தது. மே மாதம் 3ஆந் திகதி மக்கோமிக் தொழிற்சாலை வாயிலிற் கூடிய தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அதனைக் கண்டிப்பதற்காக மறுநாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தருகே கூட்டமொன்று நடைபெற்றது. நகரபிதா காட்டர் ஹரிசன் நேரிற் சென்று சிறிது நேரம் நின்று கேட்டு, கூட்டம் அமைதியாகவே நடைபெறுகின்றது என்று பொலிஸ் நிலையத்தில் அறிவித்துவிட்டு வீடு திரும்பினார். மழை அறிகுறி கண்டு மக்களும் கலையத் தொடங்கினர். கடைசிப் பேச்சாளர் தமது உரையை முடிக்கும் வேளையில், பொன்பீல்ட் என்னும் அதிகாரியின் தலைமையிற் பொலிஸ் அணி அங்கே விரைந்து வந்து கலைந்து செல்லுமாறு ஆணையிட்டது. அப்பொழுது இருளில் எவனோ ஒருவன் வெடிகுண்டொன்றை வீசினான். பொலிசார் உடனே சுடத் தொடங்கினர். பொலிசாருள் எழுவரும் பொதுமக்களுட் பலரும் உயிரிழந்தனர்.

குண்டு வீசியவன் யார் என்பது அன்றும் தெரியவில்லை. இன்றும் ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் அச்சமும் ஆத்திரமும் நகரைப் பற்றிக்கொண்டன. தொழிலாளர் தலைவர்களும் அராஜகவாதப் பத்திரிகைகளை நடத்தியவர்களுமாகிய எண்மர் கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டனர். ஒகஸ்ட் ஸ்பீஸ், அல்பேட் பார்சன்ஸ், அடொல்ப் பிஷர், ஜோர்ஜ் எங்கல், லூயி லிங், மைக்கேல் ஷுவாப், சாமுவேல் பீல்டன், ஒஸ்கார் நீபே என்போரே அவ்வெண்மர். குண்டு வெடித்த கணத்தில் அவர்களுள் இருவரே அவ்விடத்தில் இருந்தனர். நீதிபதி ஜோசப் கேரி முன்னிலையில் வழக்கு நடைபெற்றது. குண்டு வீசியவன் இன்னான் என்று காட்டவேண்டியதில்லை. பேச்சாலும் எழுத்தாலும் பொதுப்படக் கொலையைத் தூண்டியவர்கள், அத்தூண்டுதலால் முகமறியாத ஒருவன் செய்த கொலைக்கும் பொறுப்பாவர் என்று நீதிபதி கொண்டார். ஒகஸ்ட் மாதம் 20ஆந் திகதி எழுவருக்குத் தூக்குத் தண்டனையும், நீபேக்குப் பதினைந்து ஆண்டுச் சிறையும் தீர்ப்பாயின.

மாநிலத்தின் மீயுயர் நீதிமன்றம் மறுவருடம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. நாட்டின் மீயுயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. தூக்கிலிடுவதற்கு முதல்நாள், அன்றைய ஆளுநர் ஓகில்ஸ்பி, கருணை கோரி மனுச் செய்த பீல்டன், ஷுவாப் என்ற இருவரது தண்டனையை மட்டும் ஆயுட்சிறையாகக் குறைத்தார். அன்றே லிங் தமது சிறைக் கூட்டிலே உயிரை மாய்த்துக்கொண்டார். 1887ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 11ஆந் திகதி ஏனைய நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களது நினைவும் எட்டு மணி நேரக் கோரிக்கையும் சேர்ந்தே, 1890ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் மே தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றன. எஞ்சிய மூவரும் ஜோலியட் நகரச் சிறைச்சாலையில் அடைபட்டுக் கிடந்தனர்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1892ஆம் ஆண்டுத் தேர்தலிற் சனநாயகக் கட்சியின் சார்பிற் போட்டியிட்ட ஆல்ட்கெல்ட், பதவியிலிருந்த ஆளுநர் பைபரைத் தோற்கடித்தார். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் அம்மாநிலத்தில் அக்கட்சியினர் ஒருவர் ஆளுநரானது அதுவே முதன்முறை. பிறநாட்டிற் பிறந்த ஒருவர் அப்பதவியைப் பெற்றதும் அதுவே முதன்முறை. 1893ஆம் ஆண்டு சனவரியிற் பதவியேற்ற அன்றே உடல்நலங் குன்றியிருந்தபடியால், தமது உரையையும் முழுமையாகப் படிக்க இயலாது பிறர் படிக்க விட்டார்.

ஜோலியட் சிறையிலிருந்த மூவரையும் விடுவிக்க வேண்டுமென்ற மனு அவருக்காகக் காத்திருந்தது. பல்லாயிரம் பேர் அதிற் கையொப்பமிட்டிருந்தனர். தொழிலாளர் மட்டுமல்லர், வங்கியாளரும் வணிகரும் சட்டத்தரணிகளும் அவர்களுட் பலர். காலம் ஆத்திரத்தைத் தணித்திருந்தது. அந்த மூவரும் குற்றம் செய்திருந்தாலும் போதிய தண்டனையை அனுபவித்துவிட்டனர், இனி இரக்கங் காட்டலாம் என்பதே மனுச் செய்தோரிற் பெரும்பாலார் கூறிய நியாயம்.

ஆளுநர் முன் இரண்டு வழிகள் இருந்தன. இரக்கத்தின் பேரால் ஒரு வரி எழுதி மூவரையும் விடுதலை செய்வது முதலாவது வழி. அவ்வாறு செய்திருந்தால், நீதிமன்றத்தின் மதிப்புக்கு இழுக்கு நேர்ந்திராது. பொலிசாரும் நீதிபதியும் மனம் நோகார். மனுவிற் கையொப்பமிட்ட பெரியோர் பாராட்டியிருப்பர். சில வாரங்களில் அச்செய்தியே மறக்கப்பட்டிருக்கும். வழக்கின் ஏடுகளைத் தாமே படித்து, தீர்ப்பு நியாயமானதா என்று தீர்மானிப்பது இரண்டாவது வழி. ஆல்ட்கெல்ட் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். நண்பர் டாரோ முதலியோர் காலதாமதத்தினாற் பொறுமையிழந்தனர். ஆளுநரோ சாட்சியங்களின் தொகுதிகளை வரவழைத்து மாதக்கணக்கிற் படித்துக்கொண்டிருந்தார்.

அவரது சிந்தனையின் போக்கு நேரானது. இம்மூவரும் முறையான விசாரணையின் பின்னர் குற்றவாளிகள் என்று காணப்பட்டிருப்பின், கொலைக்கு உடந்தையானவர்களை ஏழாண்டிலே விடுவிப்பதற்கு நியாயமில்லை. விசாரணை முறையற்றதாக இருப்பின், அவர்களை ஒருநாளேனும் சிறையில் வைப்பதற்கு நியாயமில்லை. இரண்டுக்கும் இடையே இரக்கத்துக்கு இடமில்லை. குற்றமற்றவனுக்கு இரக்கங் காட்டுவது, அவனைக் குற்றவாளி என்று இன்னொரு முறை கூறுவதற்குச் சமமாகும்.

1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆந் திகதி, ஆல்ட்கெல்ட் மூவருக்கும் நிபந்தனையற்ற முழு மன்னிப்பு வழங்கினார். அதனோடு, சிறு நூலொன்றின் அளவுக்கு நீண்ட காரண அறிக்கையையும் வெளியிட்டார். ஜூரர்களைத் திரட்டுவதற்கென்றே விசேடமாக நியமிக்கப்பட்ட அலுவலர், தண்டனை வழங்கக்கூடியவர்களையே தேடிப்பிடித்து அழைத்தார் என்பது அவ்வறிக்கை கூறிய முதற் காரணம். 981 பேர் வினாவப்பட்ட அத்தெரிவில், எதிரிகள்மீது தமக்கு வெறுப்பு உண்டென்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டவர்களும் தகுதியுடையவர்களாகவே கொள்ளப்பட்டனர் என்பது இரண்டாவது. குண்டு வீசியவனுக்கும் இவர்களுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. அவன் இவர்களது பேச்சைக் கேட்டானென்றோ எழுத்தைப் படித்தானென்றோ நிறுவப்படவும் இல்லை என்பது மூன்றாவது. நீபே மீது வழக்கே இல்லையென்பதை அரச தரப்புச் சட்டத்தரணியே ஒருகாற் கூறியிருந்தார் என்பது நான்காவது. நீதிபதி கேரி பக்கச்சார்பாக நடந்துகொண்டார் என்பது ஐந்தாவது.

இவற்றோடு பொலிசாரின் நடத்தையையும் அவர் ஆராய்ந்தார். தொழிலாளரைப் பொலிசார் அடித்தும் சுட்டும் வந்தபோது அதற்குப் பொறுப்பானவர்கள் எவரும் தண்டிக்கப்படாமையால், பழிவாங்கத் துடித்த தனியொருவன் வீசிய குண்டாகவே அது இருத்தல் கூடும் என்று கருதினார். பொலிஸ் தலைவராக இருந்த ஒருவரே, தமது கீழதிகாரி போலியான அராஜக சங்கங்களை அமைத்துப் பரபரப்பை நீடிக்க விரும்பினார் என்று பத்திரிகைக்குக் கூறியிருந்ததையும் எடுத்துக்காட்டினார். அறிக்கையின் கருத்துக்களை ஏற்றுக்கொண்ட நண்பருட் சிலருங்கூட, நீதிபதியைப் பற்றி அவர் எழுதிய சொற்கள் தேவைக்கு மேற் கடுமையானவை என்றே எண்ணினர்.

மன்னிப்புப் பத்திரங்களைச் சிறைக்கு எடுத்துச் செல்லும் பணி சிக்காகோ வங்கியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வெண்மர்மீதும் குற்றஞ்சாட்டிய பெருஞ் ஜூரர் சபையில் ஒருகால் அமர்ந்திருந்தவர் அவர். பின்னர் மனம் மாறி விடுதலைக்காக உழைத்தவர். பத்திரங்களைக் கையிற் பெற்றபோது அவர் கண்ணீர் மல்க நின்றார் என்பர். அப்பத்திரங்களை எழுதி ஆயத்தஞ்செய்த இளம் அலுவலரான பிராண்ட் விட்லொக், பிற்காலத்தில் எழுத்தாளராகவும் டொலிடோ நகரபிதாவாகவும் விளங்கியவர். அந்நாளின் நினைவைத் தமது வாழ்க்கை வரலாற்றிற் பதிந்துள்ளார்.

மறுநாட் காலையிற் புயல் எழுந்தது. நாட்டின் பெரும் பத்திரிகைகள் அனேகமாக யாவும் ஆளுநரைத் தாக்கின. அவரும் ஓர் அராஜகவாதியே என்றன. அவர் பிறநாட்டிற் பிறந்தவர், அமெரிக்க உணர்வற்றவர் என்றன. கேலிச் சித்திரக்காரர்கள் அவரது கையிற் தீப்பந்தத்தையும் குண்டையும் கொடுத்து வரைந்தனர். மூவரையும் விடுதலை செய்தமையைக் கண்டித்தவர்களைக் காட்டிலும், விடுதலைக்கு அவர் கூறிய காரணங்களைக் கண்டித்தவர்களே அதிகம். இரக்கம் வேண்டுமென்று மனுவிற் கையொப்பமிட்டவர்களுள்ளும் பலர் வாய்மூடி ஒதுங்கினர். ஆல்ட்கெல்ட் இதனை எதிர்பார்த்தே இருந்தார். தாம் எழுதியதில் ஒரு சொல்லையும் அவர் திரும்பப் பெறவில்லை.

எதிரிகள் அவரைக் கலகக்காரராகச் சித்திரித்தபோதிலும், அவரது ஆட்சியின் பெரும்பகுதி அமைதியான ஆக்கவேலைகளிலேயே கழிந்தது. அதே 1893ஆம் ஆண்டில், பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்சாலைகளில் வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தும், பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு எட்டு மணியாக வரையறுத்தும் இலினோய்ச் சட்டசபை இயற்றிய சட்டத்தில் அவர் கையொப்பமிட்டார். அதனை நடைமுறைப்படுத்தும் தலைமைப் பரிசோதகராக, ஏழைத் தொழிலாளரின் குடியிருப்புக்களை வீடுவீடாக ஆராய்ந்து வந்த புளோரன்ஸ் கெலி என்ற பெண்மணியை நியமித்தார். எட்டு மணி விதியை 1895ஆம் ஆண்டில் மாநில மீயுயர் நீதிமன்றம் செல்லாதது என்று தீர்த்தது. பிள்ளைகளைக் காக்கும் பகுதி எஞ்சி நின்றது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்னெப்போதும் இல்லாத அளவில் நிதி ஒதுக்கப்பட்டது. ஆசிரியர்களைப் பயிற்றும் இரு புதிய கல்லூரிகள் 1895ஆம் ஆண்டில் நிறுவப்பட்டன. இளமையிற் கல்வி மறுக்கப்பட்ட ஒருவர் எழுப்பிய கோட்டை போன்ற கல்விக் கட்டடங்கள் இன்றும் அம்மாநிலத்தில் நிற்கின்றன.

அவரது இரண்டாவது பெருஞ் சோதனை 1894ஆம் ஆண்டில் வந்தது. சிக்காகோவுக்கு அருகே, புகையிரதப் படுக்கைப் பெட்டிகளைச் செய்யும் ஜோர்ஜ் புல்மன், தமது தொழிலாளருக்கெனத் தமது பெயராலேயே ஒரு நகரை அமைத்திருந்தார். வீடுகள் யாவும் கம்பனிக்கே சொந்தம். வர்த்தக மந்தம் ஏற்பட்டபோது கம்பனி சம்பளத்தைப் பெரிதுங் குறைத்தது. வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். யூஜின் டெப்ஸ் தலைமையிலான புகையிரதத் தொழிற்சங்கம், புல்மன் பெட்டி பூட்டிய வண்டிகளை ஓட்டோம் என்று மறுத்தது. நாட்டின் புகையிரதப் போக்குவரத்திற் பெரும்பகுதி தடைப்பட்டது.

ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட், ஆல்ட்கெல்ட்டின் கட்சியைச் சேர்ந்தவரே. அவரது சட்டமா அதிபர் ஓல்னி, புகையிரதக் கம்பனிகளின் சட்டத்தரணியாக இருந்தவர். ஜூலை மாதத் தொடக்கத்தில், ஆளுநரோ சட்டசபையோ கேட்காமலே, நடுவரசின் படை சிக்காகோவில் வந்திறங்கியது. ஆல்ட்கெல்ட் தந்தி மூலம் நீண்ட ஆட்சேபத்தை அனுப்பினார். மாநிலத்தின் படை ஆயத்தமாக இருக்கின்றது. உதவி கேட்ட இடங்களுக்கெல்லாம் அது அனுப்பப்பட்டிருக்கின்றது. சிக்காகோ அதிகாரிகள் கேட்பின் அங்கும் அனுப்பப்படும். மாநிலத்தைக் கேளாது படை அனுப்புவது மக்களின் சுயவாட்சியை அழிப்பதாகும் என்பதே அதன் சாரம். தபால் தடைப்படுகின்றது, மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் தடைப்படுகின்றது, நடுவரசு நீதிமன்றங்களின் கட்டளை மீறப்படுகின்றது, ஆதலால் தமக்கு அதிகாரம் உண்டு என்று ஜனாதிபதி சுருக்கமாகப் பதிலளித்தார். படை வந்த பின்னரே கலவரம் மிகுந்தது. புகையிரதப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. நகரபிதா கேட்டதும் ஆல்ட்கெல்ட் மாநிலப் படையை அனுப்பி ஒழுங்கை நிலைநாட்டினார். வேலைநிறுத்தம் முறிந்தது, டெப்ஸ் சிறை சென்றார்.

இவ்விவாதத்தில் சட்டம் ஆளுநரின் பக்கம் நிற்கவில்லை. 1895ஆம் ஆண்டில், டெப்ஸ் வழக்கின் தீர்ப்பில், நாட்டின் மீயுயர் நீதிமன்றம் நடுவரசின் அதிகாரத்தை ஒருமனதாக உறுதிப்படுத்தியது. அந்த அதிகாரம் நன்மைக்கும் பயன்படக்கூடியது என்பதைப் பிற்காலம் காட்டியது. 1957ஆம் ஆண்டில், கறுப்பின மாணவர்களை வெள்ளையரின் பாடசாலைக்குள் விடாது தடுத்த ஆர்கன்சா ஆளுநரின் செயலை, ஜனாதிபதி ஐசனோவர் நடுவரசின் படையை அனுப்பியே முறியடித்தார். மாநில உரிமை என்ற கேடயத்தை நியாயத்துக்காகவும் அநியாயத்துக்காகவும் ஏந்தலாம். ஆல்ட்கெல்ட் அதை யாருக்காக ஏந்தினார் என்பதை 1894ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத நிகழ்ச்சியொன்று தெளிவாக்குகின்றது. புல்மன் நகரத் தொழிலாளர் பட்டினி கிடப்பதாக எழுதியபோது, அவர் நேரிற் சென்று வீடுவீடாக ஏறி இறங்கிப் பார்த்தார். உதவுமாறு கம்பனித் தலைவருக்கு எழுதினார். அம்முயற்சி பயனளிக்காமற் போகவே, மக்களுக்குப் பகிரங்க வேண்டுகோள் விடுத்து உணவு திரட்டினார்.

கிளீவ்லண்டோடு தொடங்கிய பிணக்கு 1896ஆம் ஆண்டிற் கட்சியையே மாற்றியது. சிக்காகோவிற் கூடிய சனநாயகக் கட்சி மாநாடு, பதவியிலிருந்த தன் ஜனாதிபதியின் கொள்கைகளைக் கைவிட்டது. நீதிமன்றத் தடையாணைகளால் ஆட்சி செய்வதையும் மாநில விவகாரங்களில் நடுவரசு தலையிடுவதையும் கண்டித்தது. அக்கொள்கைப் பிரகடனத்தின் பின்னணியில் ஆல்ட்கெல்ட்டின் செல்வாக்கு மிகுதியாக இருந்தது. ஆயினும் ஜனாதிபதிப் பதவிக்கு அவர் நிற்க இயலாது. பிறப்பினாலேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கே அப்பதவி உரியது என்று அரசியலமைப்பு விதிக்கின்றது. வில்லியம் ஜெனிங்ஸ் பிறயன் வேட்பாளரானார். எதிர்க்கட்சியின் பிரசாரமோ பிறயனைக் காட்டிலும் ஆல்ட்கெல்ட்டையே பூதமாகக் காட்டியது. தியோடர் ரூஸ்வெல்ட் சிக்காகோவுக்கே வந்து அவரைக் கடுமையாகச் சாடினார். அவ்வாண்டுத் தேர்தலிற் பிறயனும் தோற்றார். மீண்டும் ஆளுநர் பதவிக்கு நின்ற ஆல்ட்கெல்ட்டும் தோற்றார். நாணயக் கொள்கையும் வர்த்தக மந்தமுமே அத்தேர்தலின் பெரும் பிரச்சினைகளாதலின், தோல்விக்கு மன்னிப்பு ஒன்றே காரணமென்று கூறல் பொருந்தாது. இலினோயிலே பிறயன் பெற்றதைவிட ஆல்ட்கெல்ட் பெற்ற வாக்குகள் சற்று அதிகம் என்பதும் நினைவுகூரத்தக்கது.

பதவி விலகும் ஆளுநர், தம் பின்வருபவரின் பதவியேற்பு விழாவில் விடைபெறும் உரை நிகழ்த்துவது வழக்கம். 1897ஆம் ஆண்டு சனவரியில் அந்த உரிமையும் அவருக்கு மறுக்கப்பட்டது. பின்னர் செல்வமும் கரைந்தது. யூனிற்றி மாளிகை கடன்காரர் கைக்குப் போயிற்று. 1899ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரபிதாப் பதவிக்குச் சுயேச்சையாக நின்று தோல்வியுற்றார். ஈற்றில், ஒருகால் தம் நூலைப் படித்து வந்த டாரோவின் சட்ட அலுவலகத்திற் சேர்ந்து உழைத்துச் சீவித்தார்.

1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆந் திகதி இரவு, தென்னாபிரிக்கப் போயர்களின் விடுதலைக்காக நடைபெற்ற கூட்டமொன்றில் அவர் உரையாற்றினார். அப்போரிற் கைதான போயர்கள் ஆயிரக்கணக்கானோர் இலங்கையின் தியத்தலாவை முகாமிற் சிறைப்பட்டிருந்த காலம் அது. உரையை முடித்த சிறிது நேரத்தில் ஆல்ட்கெல்ட் மயங்கி வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். வயது ஐம்பத்து நான்கு. அக்கூட்டம் நடந்த நகரம் ஜோலியட். அவர் விடுவித்த மூவரும் அடைபட்டிருந்த சிறைச்சாலையைக்கொண்ட அதே நகரம். அவரது உடல் சிக்காகோ பொது நூலகத்தில் வைக்கப்பட்டபோது, ஆயிரமாயிரம் தொழிலாளர் வரிசையாக வந்து வணங்கிச் சென்றனர். இறுதிச் சடங்கிலே கிளாரன்ஸ் டாரோவும், சமூகத் தொண்டர் ஜேன் அடம்சும் உரையாற்றினர்.

1913ஆம் ஆண்டில், ஆளுநர் மாளிகைக்கு அண்மையிற் பிறந்து வளர்ந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சே அவரை மறக்கப்பட்ட கழுகாக உருவகித்துக் கவிதை பாடினார். 1915ஆம் ஆண்டிற் சிக்காகோவின் லிங்கன் பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. ஹேமார்க்கெட் வழக்கு நீதிக்கு நேர்ந்த இழுக்கு என்ற அவரது முடிவையே பிற்கால வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஏற்றனர். எனினும் விவாதம் முடிந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டில் டிமதி மெசர் குரூஸ் என்னும் வரலாற்றாசிரியர், வழக்கின் ஏடுகளை மீண்டும் ஆராய்ந்து, அவ்விசாரணை அக்கால முறைகளின்படி கருதப்பட்ட அளவுக்கு முறையற்றதன்று என்றும், எதிரிகள்மீதான சான்று வலுவானது என்றும் வாதித்தார். அவரை மறுத்து எழுதியோரும் உளர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இவ்வாறு வாதிட முடிவதற்கே ஆல்ட்கெல்ட்டின் செயல் ஒரு காரணம். அவர் இரக்கத்தின் பேரால் ஒரு வரி எழுதியிருந்தால், பின்வந்தோர் ஆராய்வதற்கு எதுவும் இருந்திராது. இரக்கத்துக்கு ஆதாரம் கேட்பார் எவருமிலர். காரணமோ எழுதப்பட்டவுடனேயே அனைவருடைய சோதனைக்கும் உரியதாகின்றது. உடன்படுவோர் அதனை எடுத்தாளலாம், மாறுபடுவோர் அதனை மறுக்கலாம். அதிகாரம் படைத்தவர், தமது முடிவுக்கு இன்னின்ன ஆதாரங்கள் என்று மக்கள் முன் வைத்து, வரும் பழியைத் தாமே ஏற்றுக்கொள்வது எளிதன்று. இலினோய் ஆளுநர் 1893ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் செய்தது அதுவே. பீல்டன், ஷுவாப், நீபே ஆகிய மூவரும் அன்று சிறையிலிருந்து வெளிவந்தபோது, மன்னிக்கப்பட்ட குற்றவாளிகளாக அல்லாது, குற்றம் நிறுவப்படாத மனிதராகத் தத்தம் வீடு சென்றனர்.